மூடியை மூடினால் கணினி தூங்க வேண்டும்

மடிக்கணினி தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினருக்கும், அவற்றில் ஓடும் இயங்குதளத்தை எழுதுவோருக்கும்,

கடந்த மாதம் உங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து எனக்கு மூன்று வரியில் ஒரு பதில் வந்தது. கணினி வடிவமைக்கப்பட்டபடியே இயங்குகிறதாம். பயாஸில், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், முன்பு இருந்த தூக்க நிலைத் தெரிவு இனிமேல் வழங்கப்படாதாம். புரிந்துகொண்டமைக்கு நன்றியாம். நான் எதையும் புரிந்துகொண்டதாக அவர்களுக்கு எழுதவில்லை. எழுதியது ஒரு புகார். அதை முழுதாகப் படித்தவர் அங்கே எவரும் இருப்பதாகத் தெரியாததால் பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் எவர் பெயரைப் போட்டாலும் இந்த மடலில் பெரிதாக எதையும் திருத்த வேண்டியிருக்காது.

நான் திண்டுக்கல்லில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். 2006இல் ஒரு மேசை, ஒரு சாலிடரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டருடன் தொடங்கினேன். மேசை மட்டும் மாறியிருக்கிறது. பழுதுபார்ப்பதோடு, கேட்பவர்களுக்குப் புதுக் கணினியும் வாங்கித் தருகிறேன். அப்படி வாங்கித் தந்த ஆறு கணினிகளின் கதைதான் இது.

நில அளவைப் பணியை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். அவருடைய ஆட்களுக்கு வேலை பெரும்பாலும் மலையில். வத்தலக்குண்டில் பஸ் ஏறி, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே எல்லைக்கல் தேடுகிற வேலை. அங்கே செருகு துளை தேடி அலைய முடியாது. காலையில் முழுச் சார்ஜோடு புறப்பட்ட கணினி, பையில் தூங்கியபடி மலையேறி, பதினோரு மணிக்குத் திறந்தால் திறக்க வேண்டும். மூடினால் மறுபடி தூங்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். நான் ஒரு மாடலைப் பரிந்துரைத்தேன். பளபளப்புக்காகவோ திரைக்காகவோ அல்ல. அதன் பயாஸில் தூக்க நிலையைத் தேர்ந்தெடுக்க ஒரு வரி இருந்தது, அதற்காக. ஆறு கணினிகளிலும் அந்த வரியைப் பழைய தூக்கத்துக்கு (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) மாற்றி, ஒவ்வொன்றையும் ஓர் இரவு மூடிவைத்து, காலையில் சார்ஜ் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, பிறகே கொடுத்தேன். இரண்டு, மூன்று சதவீதம் குறைந்திருந்தது. எட்டு மாதம் ஒரு புகாரும் இல்லை.

பிறகு ஒரு நாள், இயங்குதளத்தின் வழக்கமான புதுப்பிப்புகளோடு சேர்ந்து பயாஸ் புதுப்பிப்பு ஒன்றும் வந்து தானாகவே ஏறிக்கொண்டது. ஏறிய பிறகு அந்த வரி இல்லை. மங்கலாகக்கூட இல்லை; அப்படி ஒன்று இருந்த சுவடே தெரியவில்லை. அடுத்த வாரம் அளவையர்களில் ஒரு பையன் மலையிலிருந்து போன் செய்தான். "அண்ணே, பைக்குள் கையை விட்டேன், தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. திறந்தால் உயிரே இல்லை." அளவைக் கருவியிலிருந்து தரவை இறக்க வழியில்லை. நிலத்துக்காரர் வெளியூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்து நின்றிருக்கிறார். இரண்டு ஆட்களின் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போயிற்று. ஒப்பந்தக்காரர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் சொல்லித்தானே வாங்கினேன்" என்றார். அது போதுமானதாக இருந்தது.

நான் விற்ற பொருளில் இருந்த ஒரு வசதியை, விற்று எட்டு மாதம் கழித்து, எனக்கோ வாங்கியவருக்கோ ஒரு சொல் சொல்லாமல் நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். தொலைக்காட்சி விற்ற கடைக்காரர் நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து ரிமோட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கிக்கொண்டு போனால் அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதில் பாதி உங்களுக்குத் தெரிந்தது. ஆனால் இந்த மடலை உங்கள் வாடிக்கையாளர்களும் படிப்பார்கள்.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. கணினி எப்படித் தூங்க வேண்டும், எப்படி விழிக்க வேண்டும் என்பதற்கு அதில் படிப்படியாக நிலைகள் வகுக்கப்பட்டன. விழித்து வேலை செய்வது எஸ்0. அணைந்து கிடப்பது எஸ்5. இடையில் இருப்பவற்றில் மக்கள் கைக்கு வந்தவை இரண்டு. ஒன்று எஸ்3: ப்ராசஸருக்கு மின்சாரம் நிற்கும், வட்டுக்கு நிற்கும், விசிறிக்கு நிற்கும், ரேம் மட்டும் தன் நினைவை இழக்காத அளவுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். மற்றொன்று எஸ்4, அதாவது ஹைபர்னேட்: ரேமில் இருப்பதை வட்டில் எழுதிவைத்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மறுநாள் மாட்டினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எஸ்3 குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். விழித்ததும் வைஃபை வராத கணினிகள், திரை வராமல் விசிறி மட்டும் சுற்றிய கணினிகள் என்று என் மேசைக்கு வந்தவை ஏராளம். ஆனால் அது தூங்கும்போது தூங்கியது.

நான் ஐ.டி.ஐ. படித்தபோது தங்கியிருந்த விடுதியில் இரவு பத்து மணிக்கு வார்டன் மெயினை இறக்கிவிடுவார். மாடிப்படியில் ஒரு குண்டு பல்பு மட்டும் எரியும். யார் படிக்கிறார்கள், யார் சீட்டாடுகிறார்கள் என்று அவர் விசாரித்ததில்லை. எஸ்3 அந்த வார்டன். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது 'கனெக்டட் ஸ்டான்ட்பை' என்ற புதிய முறை வந்தது. 2015இல் விண்டோஸ் 10 உடன் அது விரிந்து 'மாடர்ன் ஸ்டான்ட்பை' ஆயிற்று. இந்தப் புது வார்டன் மெயினைத் தொடுவதில்லை. அறை அறையாகப் போய், "தம்பி, படுக்கலாமா?" என்று கேட்கிறார். எல்லோரும் படுத்தால் விடுதி இருட்டும். பழைய வார்டன் காலத்தைவிடக் குறைவாகக்கூட மின்சாரம் செலவாகலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டாம் அறையில் ஒருவன் விழித்திருந்தால் மாடி முழுக்க விளக்கு எரியும். அந்த எட்டாம் அறை வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளாக இருக்கலாம், மின்னஞ்சல் செயலியாக இருக்கலாம், யுஎஸ்பியில் செருகி மறந்த மவுஸ் ரிசீவராக இருக்கலாம். விதித்தொகுப்பின் கணக்கில் அந்தக் கணினி எஸ்0இலேயே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் இதைக் கோழித்தூக்கம் என்போம்.

கைபேசியைப்போல் கணினியும் தொட்டவுடன் விழிக்க வேண்டும், மூடியிருக்கும்போதே அஞ்சல் வந்து சேர வேண்டும் என்பது உங்கள் வாதம். ஆசையில் தவறில்லை. கைபேசியில் ப்ராசஸர், ரேடியோ, மென்பொருள் எல்லாம் முதல் நாளிலிருந்தே அதற்காகச் சமைக்கப்பட்டவை. ப்ராசஸரும் இயங்குதளமும் ஒரே கூரையின்கீழ் செய்யப்படும் ஆப்பிள் எம்-வரிசைக் கணினிகளில் இது நன்றாகவே நடக்கிறது. என் கடையிலும் பார்த்திருக்கிறேன். உங்கள் கணினியில் ப்ராசஸர் ஒருவருடையது, வைஃபை இன்னொருவருடையது, பயாஸ் மூன்றாமவருடையது, இயங்குதளம் நான்காமவருடையது. நான்கு பேரும் ஒத்துக்கொண்டால்தான் என் வாடிக்கையாளரின் கணினி தூங்கும். ஒத்துக்கொள்ளாதபோது, நால்வரும் மற்ற மூவரைக் கைகாட்டுகிறீர்கள்.

சரி, பிடிக்காதவர்கள் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதையும் அடைத்தாயிற்று. மாடர்ன் ஸ்டான்ட்பை உள்ள கணினியில் விண்டோஸ் எஸ்3ஐக் காட்டுவதில்லை. பயாஸில் ஒரு வரியை மாற்றி இதிலிருந்து அதற்குப் போக முடியாது என்றும், மாற வேண்டுமானால் இயங்குதளத்தையே முழுதாக மறுபடி நிறுவ வேண்டும் என்றும் விண்டோஸின் தொழில்நுட்ப ஆவணமே சொல்கிறது. அந்த ஆறு கணினிகளில் நான் மாற்ற முடிந்தது, அவற்றின் பயாஸ் இடம் விட்டதால்தான். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இதை அணைக்கும் குறுக்குவழி ஒன்று இருந்தது. 2020 புதுப்பிப்போடு அதுவும் வேலை செய்யாமல் போயிற்று. வேறொரு மதிப்பைத் தேடிப் பிடித்தோம். பயாஸில் எஸ்3யே இல்லாத கணினியில் அதைப் போட்டால், 'ஸ்லீப்' என்ற சொல்லே பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. பூட்டு சரியில்லை என்றதற்குக் கதவைக் கழற்றிக் கொடுத்ததுபோல.

பூட்டு என்றதும் ஓர் உள்ளூர்ப் பெருமை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டில் சாவியைத் திருப்பினால் நாக்கு உள்ளே விழும் ஓசை கேட்கும். கேட்டுவிட்டு நடையைக் கட்டலாம். உங்கள் கணினியின் மூடியை மூடியபின் நான் காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

உண்மையாகவே காதை வைத்துக் கேட்டேன். அளவையர் பையனின் கணினி கடைக்கு வந்த அன்று மாலை, அதை அவனுடைய பைக்குள்ளேயே வைத்துச் சோதித்தேன். முதல் முறை, அடாப்டரைப் பிடுங்கிவிட்டு மூடியை மூடினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சதவீதம்தான் குறைந்தது, சூடும் இல்லை. நல்ல பிள்ளை. இரண்டாம் முறை, எல்லோரும் வீட்டில் செய்வதைப்போலச் செய்தேன்: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூடியை மூடி, பிறகு செருகியைப் பிடுங்கி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். கணினிக்கும் துணிக்கும் நடுவே ஒரு வெப்பமானிக் கம்பியைச் செருகியிருந்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பைக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம், அட்டைப்பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல். விசிறி. காற்றை எங்கிருந்து இழுக்கும், எங்கே தள்ளும்? நான்கு பக்கமும் துணி. முப்பத்தொன்றில் இருந்த வெப்பமானி நாற்பத்தேழைத் தொட்டபோது ஜிப்பைத் திறந்துவிட்டேன். அதற்குமேல் பார்க்க எனக்கு மனமில்லை. பேட்டரி நாற்பது நிமிடத்தில் பதினாறு சதவீதம் இறங்கியிருந்தது. அடாப்டரில் இருந்தபோது, மின்சாரம்தான் இருக்கிறதே என்று தாராளமாக எடுத்துக்கொண்ட அனுமதியை, அடாப்டர் போனபிறகும் கணினி விடவில்லை. இது ஒரு கணினியின் நோய் என்றால் நான் இப்படி எழுதமாட்டேன். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் இதே வரிசையில் இதே கூத்தைப் பார்த்துவிட்டேன்.

கட்டளைத் திரையில் ஒரு வரி தட்டினால், கடந்த சில நாள்களில் கணினி எப்போது தூங்கியது, தூக்கத்தில் எது எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்ற அறிக்கையை விண்டோஸ் தருகிறது. அதை ஏற்படுத்திய பொறியாளருக்கு என் வணக்கம். பையனின் கணினியில் அந்த அறிக்கையைத் திறந்தேன். மலையேறிய காலை முழுவதும் செந்நிறப் பட்டை. ஆக, உங்களுக்குத் தெரியும். கணினியே எழுதிவைத்திருக்கிறது. "வடிவமைக்கப்பட்டபடி" என்று பதில் எழுதியவர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். நான் இணைத்தே அனுப்பியிருந்தேன்.

வெப்பம் லித்தியம் பேட்டரிக்கு எமன். நிறைந்த சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் விரைவு. என் கடைக்கு நர்சிங் படிக்கும் ஒரு பெண் கணினியைக் கொண்டுவந்தாள். டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆகவில்லை, அவ்வளவுதான் புகார். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றும்போதே தெரிந்தது, கடைசித் திருகு விட்டதும் தட்டு தானாக எழும்பியது. உள்ளே பேட்டரியின் மூன்று பைகளில் இரண்டு எண்ணெயிலிட்ட பூரிபோல் உப்பி டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தன. உப்புவதற்குக் காரணங்கள் பல: வயது, இரவும் பகலும் சார்ஜில் கிடப்பது, மலிவான மாற்று பேட்டரி. எல்லாப் பழியையும் தூக்கத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அவளுடையது பதினான்கு மாதக் கணினி, கம்பெனி பேட்டரி. தினமும் விடுதியில் சார்ஜில் இருக்கும்போதே மூடி, பையில் திணித்து, வகுப்புக்கு எடுத்துப் போகிறாள். பை சூடாக இருக்கும் என்று அவளே சொன்னாள். கணினி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

இதற்கு உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். பைக்குள் வைக்கும் முன் கணினியை அணைத்துவிடுங்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாக மூடியை மூடிப் பையில் வைத்துப் பழகிய மக்களிடம், பழைய பெயரையும் பழைய நிலாச் சின்னத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஆளை மாற்றிவிட்டு, கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் எச்சரிக்கிறீர்கள்.

அணைத்தாலும் அணைகிறதா? விண்டோஸ் 8இலிருந்து 'ஷட் டவுன்' என்பதும் பாதி ஹைபர்னேட்தான். திறந்திருக்கும் செயலிகளை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருவை வட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். முழுதாகப் புதிதாய்த் தொடங்க வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். "தினமும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்" என்று சத்தியம் செய்கிற ஆடிட்டர் அலுவலக உதவியாளரிடம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி இருபத்து மூன்று நாளாக ஓடிக்கொண்டிருப்பதாக அது சொல்வதைக் காட்டினேன். அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

விமானத்தின் சரக்குப் பகுதிக்கு ஒப்படைக்கும் பயண மூட்டையில் வைக்கும் மின்னணுச் சாதனங்கள் முழுதாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும், தூக்க நிலையிலோ ஹைபர்னேட் நிலையிலோ இருக்கக் கூடாது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. தூக்கம், ஹைபர்னேட், அணைப்பு மூன்றுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று ஒரு பயணிக்கு எப்படித் தெரியும்? பொத்தானில் 'ஷட் டவுன்' என்று எழுதியிருக்கிறது, நடப்பது வேறு. பாதி ஹைபர்னேட்டில் பேட்டரி எரியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

உண்மையான ஹைபர்னேட்டை மட்டும் ஏன் ஒளித்துவைத்தீர்கள் என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். விண்டோஸ் 8 முதல் மின்பொத்தான் பட்டியலில் அது தானாக வருவதில்லை. கன்ட்ரோல் பேனலுக்குள் போய், பவர் பகுதியைத் தேடி, பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தைத் திறந்து, மங்கலாகக் கிடக்கும் அமைப்புகளைத் திறக்க இன்னொரு வரியைச் சொடுக்கி, ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். கன்ட்ரோல் பேனலையே நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். வட்டு இடம் போகிறது என்று ஒரு சமாதானம் கேட்டேன். விண்டோஸ் 10 ஹைபர்னேட் கோப்புக்கு வழக்கமாக ஒதுக்குவது ரேமின் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் இருந்தால் ஆறரை ஜிபிக்குள். யாரும் கேட்காமலே நீங்கள் ஏற்றி அனுப்பும் விளையாட்டுகளையும் சோதனைப் பதிப்புகளையும் நீக்கினாலே அதில் கணிசமான இடம் கிடைத்துவிடும். விழிக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும் என்பது இன்னொரு சமாதானம். மலையில் நிற்கிறவன் பதினைந்து விநாடி காத்திருப்பான். செத்த கணினியோடு அவன் என்ன செய்வான்?

சார்ஜ் ஓர் அளவுக்குமேல் குறைந்தால் கணினி தானே ஹைபர்னேட்டுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பையன் கணினியில் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் எங்கள் இருவருக்கும் இந்த மடல் மிச்சம்.

மின்சாரக் கணக்கையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும் சாதனம் ஒரு வாட்டுக்குமேல் எடுக்கக் கூடாது என்ற பேச்சை சர்வதேச எரிசக்தி முகமை 1999இலேயே தொடங்கிவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கணினிகளுக்கென்றே ஒரு விதி போட்டு, 2014 ஜூலை முதல் மடிக்கணினி தூக்கத்தில் மூன்று வாட்டைத் தாண்டக் கூடாது, கைபடாமல் அரை மணி நேரம் போனால் தானே தூங்க வேண்டும் என்று எழுதிவைத்தது. பரிசோதனைக் கூடத்தில் உங்கள் கணினிகள் அந்த விதிக்குள் அழகாக அடங்குகின்றன. பைக்குள் நாற்பது நிமிடத்தில் பதினாறு சதவீதம் என்பது, அந்தக் கணினியின் ஐம்பது வாட்-மணி பேட்டரிக்கு, சராசரியாகப் பன்னிரண்டு வாட். நான் பள்ளிக்கூடக் கணக்கில் கெட்டிக்காரன் அல்ல. இருந்தாலும் பன்னிரண்டு மூன்றைவிடப் பெரியது.

மாற்ற முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2018இல் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் மடிக்கணினியின் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமல் வந்தது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துவோர் விடாமல் எழுதினார்கள். அதே ஆண்டு பயாஸ் புதுப்பிப்பில் தூக்க நிலையைத் தேர்ந்தெடுக்கும் வரி திரும்ப வந்தது. விற்ற பிறகு ஒரு வசதியைக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. எங்களுக்கு நடந்தது அதன் தலைகீழ்.

ஆகவே என் கோரிக்கைகள்.

விற்ற கணினியில் இருந்த தூக்கத் தெரிவைப் புதுப்பிப்பின் வழியே நீக்காதீர்கள். நீக்கியவர்கள் திருப்பிக் கொடுங்கள். பாதுகாப்புக் காரணமோ வன்பொருள் காரணமோ இருந்தால், புதுப்பிப்பு ஏறும் முன் அதைத் திரையில் எழுதிக் கேளுங்கள். வேண்டாம் என்பவர் பழைய பயாஸுக்குத் திரும்ப வழி விடுங்கள்.

ப்ராசஸர் எஸ்3ஐத் தாங்கும் எல்லாக் கணினியிலும் பயாஸில் அந்த வரியை வையுங்கள். தாங்காத ப்ராசஸர் என்றால், அட்டைப்பெட்டியில் எழுதுங்கள். ரேம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று அச்சிடும் அதே இடத்தில், மூடியை மூடி எட்டு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் குறையும் என்ற எண்ணையும் அச்சிடுங்கள். அதை அடாப்டரோடு மூடிப் பிறகு பிடுங்கிய நிலையில் அளந்து போடுங்கள், மக்கள் அப்படித்தான் மூடுகிறார்கள்.

மூடி மூடியிருக்கிறது, அடாப்டர் இல்லை, திரை எதுவும் இணைக்கப்படவில்லை என்றால் அந்தக் கணினி பைக்குள் இருப்பதாகவே கொள்ளுங்கள். இணையத் தொடர்பை வெட்டுங்கள், புதுப்பிப்பை நிறுத்துங்கள், வெப்பம் ஏறினால் எதையும் யாரையும் கேட்காமல் ஹைபர்னேட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு வேண்டிய உணரிகள் எல்லாம் உள்ளே ஏற்கெனவே இருக்கின்றன.

ஹைபர்னேட்டை மின்பொத்தான் பட்டியலில் முதல் நாளே காட்டுங்கள். 'ஷட் டவுன்' என்று எழுதிய பொத்தான் முழுதாக அணைக்கட்டும். வேகமாகத் தொடங்க விரும்புகிறவர் அமைப்புகளுக்குள் போய் அதைத் தேடிக்கொள்ளட்டும். இத்தனை ஆண்டுகள் நாங்கள் தேடினோம்.

உத்தரவாதக் காலத்துக்குள் பேட்டரி உப்பிவந்தால், "பயன்படுத்தியவர் தவறு" என்று எழுதும் முன், கணினிக்குள் இருக்கும் தூக்க அறிக்கையைத் திறந்து பாருங்கள். மூடியிருந்த நேரத்தில் செந்நிறப் பட்டை இருந்தால் பேட்டரியை மாற்றிக் கொடுங்கள். அறிக்கையை எடுக்க உங்கள் சேவை மையத்துக்குத் தெரியாவிட்டால் எந்தப் பழுதுபார்ப்பவரும் சொல்லித் தருவார். நானும் தருகிறேன், காசு வேண்டாம்.

அந்த ஒப்பந்தக்காரருக்கு அடுத்த மாதம் இன்னும் நான்கு கணினிகள் வேண்டுமாம். என்னிடமே கேட்டிருக்கிறார். எந்த மாடல் என்று இன்னும் சொல்லவில்லை. உங்களில் யாராவது மேலே கேட்ட எண்ணை எழுத்தில் கொடுத்தால் அவர்களுடையதை வாங்குகிறேன். மற்ற ஆறிலும், தட்டினால் ஹைபர்னேட் ஆகும்படி மின்பொத்தானை மாற்றி, அதன் அருகே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: "மூடாதே, முதலில் இதை அழுத்து."

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் மடிக்கணினி பழுதுபார்ப்பவன்